ப்ளீஸ் ரிலீவ் மீ

மைசூர்பாகு பாதி வாயில் இருக்கும்போதுதான் அந்த மெயிலைப் படித்தேன். மீதியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நான் பட்ட பாடு இருக்கிறதே, அது என் எதிரிக்குக்கூட வரக்கூடாது.

இனிப்புப் பெட்டியோடு மாடிப்படி ஏறி வந்தவள் கோமதி. என் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு மாணவி. பக்கத்துக் கிராமமான கூரத்துப் பெண். ஸ்ரீபெரும்புதூர் பக்கம், காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை. இந்த மழைக்காலத்தின் தொடக்கம் அது. குடையை மடிக்காமலே உள்ளே வந்து, பெஞ்சு எல்லாம் நனைத்துவிட்டு, பெட்டியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எடுத்துக்கோங்க மிஸ். சொம்மா ஒண்ணு எடுக்காதீங்க, ரெண்டா எடுங்க. நான் போட்ட மெயிலுக்கு பதில் வந்துடுச்சு. அக்செப்ட் பண்ணிட்டாங்க!"

வகுப்பில் இருந்த எல்லாரும் கை தட்டினார்கள். என்ன மெயில், எதற்குப் பதில் என்று ஒருவருக்கும் தெரியாது. இனிப்புக்குத் தட்டினார்கள்.

நான் போனை வாங்கிப் பார்த்தேன். "யுவர் ரிக்வெஸ்ட் இஸ் அக்செப்டட். யூ வில் பி ரிலீவ்டு ஃப்ரம் ஃப்ரைடே." கீழே, ஐ.டி. கார்டு, சீருடை, ஷூ எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும் என்று இருந்தது. அதற்கும் கீழே, எதிர்காலம் சிறக்க வாழ்த்து.

எனக்குப் பகீரென்றது. கோமதியின் வேலை போய்விட்டது. அதற்கு அவளே ஊருக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஜரிகைக் கடைக்கு மேலே

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு என் வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. காஞ்சிபுரத்தில் ஒரு ஜரிகைக் கடையின் மாடியில் மாலை நேரத்தில் நடக்கிறது. கீழே ஜரிகை அசலா போலியா என்று உரசிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேலே நான் இங்கிலீஷை உரசிக்கொண்டிருப்பேன். தனியார் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு இலக்கணம் எடுத்து வெறுத்துப்போய் வெளியே வந்தவள் நான். இங்கே வருபவர்களுக்கு மார்க் வேண்டாம், வார்த்தை வேண்டும். அதனால் எனக்கும் இங்கேதான் பிடித்திருக்கிறது.

வருபவர்கள் மூன்று வகை. பட்டுக் கடை சேல்ஸ்மேன்கள், கோயிலைச் சுற்றிக்காட்டும் கைடுகள், கம்பெனி பஸ் ஏறுகிற பெண்கள். மூன்று வகைக்கும் சிக்கல் ஒன்றுதான். இங்கிலீஷில் ஒரு வார்த்தையைக் கற்றுக்கொண்டால் அதற்கு அக்கா தங்கைகள் நாலு பேர் இருக்கிறார்கள். எல்லாரும் பார்க்க ஒரே ஜாடை. எவளைக் கூப்பிட்டால் எவள் வருவாள் என்று தெரியாது.

போன வாரம் சாயப்பட்டறை போர்டைப் பற்றி எழுதியிருந்தேன். 'டையிங்' என்கிற அந்த இங்கிலீஷ் வார்த்தையின் நடுவில் 'ஈ' என்கிற எழுத்து இருந்தால் சாயம் தோய்ப்பது, இல்லாவிட்டால் சாவது. எங்கள் ஊரில் பாதிப் பட்டறைகளில் அந்த 'ஈ' இல்லை. மூன்று தலைமுறையாகச் செத்துக்கொண்டிருப்பதாகப் பெருமையோடு பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு ஒரு பட்டறைக்காரர், "உண்மையத்தான எழுதி வச்சிருக்கோம், அதையும் ஏம்மா அழிக்கச் சொல்றே?" என்று கடைத்தெருவில் என்னை நிறுத்திக் கேட்டார்.

கைடு ஒருவர் இருக்கிறார். 'சேக்ரட்' என்றால் புனிதமானது. 'ஸ்கேர்ட்' என்றால் பயந்துபோனது. இரண்டு எழுத்து இடம் மாறினால் போதும். அவர் வெள்ளைக்கார தம்பதியைக் கோயில் மண்டபத்தில் நிறுத்தி, "திஸ் இஸ் வெரி ஸ்கேர்ட் பிளேஸ்" என்று கண்ணை உருட்டிச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் உடனே வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டாளாம். அதற்குப் பிறகு மண்டபத்தை விட்டு நகர்கிறவரை அவள் கையை விடவே இல்லையாம். கைடுக்கு ஒரே சந்தோஷம், பக்தி என்று நினைத்துவிட்டார்.

பட்டுக் கடை பாபு இன்னும் ஒரு படி மேல். 'ஆர்ட் சில்க்' என்று போட்டிருந்த புடவையை எடுத்துக் காட்டி, இது கலைநயம் உள்ள பட்டு என்று ஒரு வடநாட்டுக்காரரிடம் அடித்துவிட்டான். அந்த 'ஆர்ட்' கலை இல்லை, ஆர்ட்டிஃபிஷியல் என்பதன் வால் நறுக்கிய மிச்சம் என்று நான் சொன்னபோது, "அது எனக்குத் தெரியும் மிஸ், அவருக்குத் தெரியாதில்ல" என்றான். இவனுக்கு நான் எதற்கு வகுப்பு எடுக்கிறேன் என்று அன்றைக்கு எனக்கே சந்தேகம் வந்தது.

இவர்களுடைய பிழைகளில் யாருக்கும் பெரிய சேதம் இல்லை. சிரித்துவிட்டுப் போகலாம். கோமதியின் கதை அப்படி இல்லை.

மஞ்சள் தொப்பிக்காரர்

கோமதி வேலை செய்யும் இடத்தில் ஒரு நீளமான லைன் நகர்ந்துகொண்டே இருக்கும். அவள் முன்னால் பலகை வந்து நிற்கும், வயரைச் செருகுவாள், பலகை நகரும், அடுத்தது வரும். இடத்தை விட்டு நகரக் கூடாது. பாத்ரூம் போக வேண்டும் என்றால் கையைத் தூக்க வேண்டும். மஞ்சள் தொப்பி போட்ட ஒருவர் வந்து இவள் இடத்தில் நிற்பார். இவள் ஓடிப் போய் ஓடி வரலாம். அந்த மஞ்சள் தொப்பிக்காரருக்கு அங்கே ரிலீவர் என்று பெயர்.

சில மாதங்களுக்கு முன்னால் இவர்கள் லைனில் இருந்த ரிலீவரை வேறு லைனுக்கு மாற்றிவிட்டார்கள். பதிலுக்கு ஆள் போடவில்லை. அதிலிருந்து ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் காலையில் ஆறு மணிக்கு நின்று சாப்பாட்டு மணி வரைக்கும் நிற்க வேண்டியதுதான். பெண்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒருத்திக்கு நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

லைன் லீடரிடம் கேட்டால் அவருக்கு ஒரே பதில். "எதுவா இருந்தாலும் எச்.ஆருக்கு மெயில் போடு. இங்கிலீஷ்ல போடு."

கோமதி போட்டாள். வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்தபடியே யோசித்திருக்கிறாள். டீச்சர் செய்வது டீச். டிரைவர் செய்வது டிரைவ். அப்படியானால் ரிலீவர் செய்வது? ரிலீவ். கணக்கு சரி. இலக்கணம் சரி. அவள் போட்ட மெயில் இதுதான்: "ரெஸ்பெக்டட் சார், ப்ளீஸ் ரிலீவ் மீ. ஐ கேனாட் கன்டினியூ ஸ்டாண்டிங் ஹியர். கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்."

சார், எனக்கு மாற்றாள் அனுப்புங்கள், இங்கே இப்படி நின்றுகொண்டே இருக்க முடியவில்லை, ஏதாவது செய்யுங்கள். இதுதான் அவள் எழுதியது.

ஆனால் நம் ஊர் ஆபீஸ்களில் ரிலீவ் என்றால் வேலையிலிருந்து விடுவிப்பது. ரிலீவிங் ஆர்டர் என்றால் இனி உனக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்கிற தாள். எச்.ஆர். படித்தது: என்னை விடுவித்துவிடுங்கள், இங்கே இனி தொடர முடியாது. இரண்டு பேரும் ஒரே வரியைத்தான் படித்தார்கள்.

அப்புறம் அங்கிருந்து வந்த பதில். வெள்ளிக்கிழமையிலிருந்து நீ ரிலீவ் செய்யப்படுவாய். கோமதிக்கு இது தேன். வெள்ளிக்கிழமையிலிருந்து ரிலீவர் வரப்போகிறார்!

"அப்ப ஐ.டி. கார்டை ஏன் கேக்கறாங்கன்னு யோசிக்கலையாடீ?" என்றேன்.

"புதுசு தருவாங்கன்னு நெனச்சேன் மிஸ். பழசுல என் போட்டோ கண்ணை மூடிக்கினு இருக்குது."

அட கஷ்டகாலமே என்று தலையில் கை வைத்துக்கொண்டு, அவளைத் தனியாக ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறியதை என்னால் பார்க்க முடியவில்லை. பெட்டியில் மிச்சமிருந்த மைசூர்பாகை பாபு எடுத்துக்கொண்டிருந்தான். அவனை ஒரு அதட்டுப் போட்டேன், பாவம், அவன் என்ன செய்வான்.

வேலை இருக்கும் வரைக்கும்

கோமதிக்கு அந்த வேலை வெறும் வேலை இல்லை. அவள் அப்பாவுக்கு நிலம் இருக்கிறது, சாப்பாட்டுக்குக் குறையில்லை. அவருக்கு ஒரு மச்சான் இருக்கிறார், கோமதிக்குத் தாய்மாமன். டிராக்டர் வைத்திருக்கிறார். கோமதியைவிட வயதில் ரொம்பப் பெரியவர். அவருக்குத்தான் பெண் என்று அவள் வயதுக்கு வந்த அன்றே பேசி வைத்துவிட்டார்கள்.

இவள் வேலைக்குப் போனதும் அப்பாவிடம் ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தாள். வேலை இருக்கிற வரைக்கும் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. வேலை நின்றால் அவர் இஷ்டம். அப்பாவும் சரி என்றுவிட்டார். பெண் அந்த கம்பெனியில் மூன்று மாதம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டாள் என்று அவர் நினைத்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை வேல போச்சுன்னா, ஞாயித்துக்கிழமை தட்டு மாத்திடுவாங்க மிஸ்" என்றாள். அழவில்லை. குடையை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். "நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க மிஸ். நான் அந்த அர்த்தத்துல எழுதலன்னு சொல்லுங்க."

வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் புடவை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "உனக்கு இன்னாத்துக்கு இந்த வேல? கம்பெனிக்காரனுக்கும் பாடம் எடுக்கப் போறியா?" என்றார். ஆமாம், எடுக்கத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் மத்தியானம் பஸ் ஏறினேன்.

சித்தி வந்திருக்காங்க

கேட்டில் செக்யூரிட்டி, "நீங்க யாரும்மா, பொண்ணுக்கு இன்னா உறவு?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஷிஃப்ட் முடிந்து வெளியே காத்திருந்த கோமதி, "சித்தி" என்றுவிட்டாள். என் போன் கேமரா மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி உள்ளே விட்டார்கள். என்னமோ நான் போய் அவர்கள் வயரை எல்லாம் படம் பிடித்து எதிரி நாட்டுக்கு அனுப்பப் போகிற மாதிரி.

எச்.ஆர். ஒரு சின்னப் பையன். கழுத்தில் நீல நாடா. முகத்தைப் பார்த்தால் உத்திரமேரூர் பக்கம் என்று எழுதி ஒட்டியிருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான். அவர் தலைக்கு மேலே சுவரில் இங்கிலீஷில் மட்டும் பேசவும் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. மூன்று தமிழர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு கூரத்துப் பெண்ணின் மனதில் என்ன இருந்தது என்று இங்கிலீஷில் விவாதித்தோம்.

ரிலீவ் என்கிற வார்த்தையின் அக்கா தங்கை எல்லாரையும் நான் அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். ரிலீஃப் என்றால் நிம்மதி, வலி விடுவது. வெள்ளம் வந்தால் அரசாங்கம் கொடுக்கும் அரிசி மூட்டைக்கும் அதுதான் பெயர். ரிலீவ்டு என்றால் அப்பாடா என்று மூச்சு விட்டவர். வேலையிலிருந்து விடுவிப்பதற்கு ரிலீஸ் என்று வேறு ஒரு வார்த்தை இருக்கிறது. ரிலீவ் என்பதற்கு, ஒருவர் நிற்கும் இடத்தில் மாற்றாள் நின்று அவரை அனுப்புவது என்றும் பொருள் உண்டு. காவலுக்கு நிற்கிற சிப்பாய்க்கு அதுதான் சொல்வார்கள். கோமதி எழுதியது அந்த ரிலீவ். இங்கிலீஷ்காரன் வந்து படித்தால்கூட அதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "மேடம், இன் அவர் கம்பெனி ரிலீவ் ஹேஸ் ஒன்லி ஒன் மீனிங்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்க லைன்ல ரிலீவர்னு ஒரு ஆளுக்கு நீங்கதானே பேர் வச்சீங்க? அவர் வந்து எல்லாரையும் வேலையை விட்டா தூக்கறார்?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன்.

"தட் இஸ் புரொடக்ஷன் டிபார்ட்மென்ட் வேர்ட், மேடம். திஸ் இஸ் எச்.ஆர்."

அதாவது ஒரே கட்டடத்தில் மாடிப்படி ஏறினால் அர்த்தம் மாறிவிடுகிறது.

என் அதிகப்பிரசங்கித்தனம் அதோடு அடங்கியிருக்கலாம். அடங்கவில்லை. ரிலீவ் என்பதோடு 'தன்னைத்தானே' என்று ஒரு வால் சேர்த்தால், ரிலீவ் மைசெல்ஃப் என்றால், கண்ணியமான இங்கிலீஷில் ஒன்றுக்குப் போவது என்றே அர்த்தம், இவள் எழுதியது அதற்கு ஒரு வால் மட்டும்தான் குறைச்சல் என்று விளக்கினேன். அவர் யோசித்துவிட்டு, அப்படி எழுதியிருந்தால் தானாகவே வேலையை விடுகிறார் என்று எடுத்துக்கொண்டு இன்னும் சீக்கிரம் அனுப்பியிருப்போம் என்றார்.

அப்போதுதான் கோமதி பேசினாள். மேஜையைப் பார்த்துக்கொண்டு, கூரத்துத் தமிழில்.

"சார், நான் விடியக்காலம் நாலு மணிக்கு ஒரு டீ குடிக்கறேன். அதோட சரி. ஒரு சொட்டு தண்ணி குடிக்கறதில்ல. குடிச்சா போவணும். போவ ஆள் இல்ல. பக்கத்துல நிக்கறவ போன வாரம் நின்ன எடத்துலயே போய்ட்டா சார். அழுதுக்கினே வயர் சொருகினா. லைன் நிக்கல."

அந்தப் பையன் காது மடல் சிவந்துவிட்டது. அவருக்கும் வீட்டில் அக்கா தங்கை இருக்கும் போலிருக்கிறது. முதல் தடவையாகத் தமிழில் பேசினார்.

"இதை மெயில்ல எழுத வேண்டியதுதானம்மா?"

"இதத்தான் சார் எழுதினேன்" என்றாள் கோமதி.

வாபஸ்

ஒரு வழியாக அவர் இறங்கி வந்தார். ஆனால் ஏற்றுக்கொண்ட ராஜினாமாவை கம்பெனி தானாக ரத்து செய்யாதாம். கோமதியே அதை வாபஸ் வாங்க வேண்டுமாம். கொடுக்காத ராஜினாமாவை எப்படி வாபஸ் வாங்குவது என்று நான் ஆரம்பித்தேன். கோமதி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். வாபஸ் வாங்கினோம். கொடுக்காததைத் திருப்பி வாங்கியதற்கு அவர்கள் நன்றி வேறு சொன்னார்கள்.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் ஸ்டாப்பில் அவள் ஒரு தண்ணீர் பாட்டிலை வாங்கிக் கடகடவென்று முழுதும் குடித்ததை நான் அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். வேலை நிலைத்தது, தாய்மாமன் டிராக்டரோடு நிற்கட்டும் என்று சந்தோஷமாகத்தான் ஊர் திரும்பினேன். வீட்டுக்காரரிடம் கொஞ்சம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

அடுத்த வாரம் வகுப்புக்கு வந்த கோமதி பையிலிருந்து ஒரு மஞ்சள் தொப்பியை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"எங்க லைனுக்கு ரிலீவர் போட்டுட்டாங்க மிஸ்."

"அப்படிப் போடு! யாரு?"

"நான்தான்."

எச்.ஆரும் புரொடக்ஷனும் பேசியிருக்கிறார்கள். இந்தப் பெண்தானே கேட்டாள், இவளையே போட்டுவிடுவோம் என்று முடிவு செய்துவிட்டார்கள். இவள் நின்ற இடத்துக்குப் புது ஆள் எடுத்தாயிற்று. இப்போது லைன் நெடுக எல்லாரும் கையைத் தூக்குகிறார்கள். கோமதி ஓடி ஓடி ஒவ்வொருத்தி இடத்திலும் நிற்கிறாள். ஒருத்தி வந்தால் அடுத்தவள் கை மேலே இருக்கிறது. எல்லாரும் இப்போது பாட்டிலில் தண்ணீர் கொண்டு வருகிறார்களாம். "நீ நல்லா இருக்கணும் கோமு" என்று வாழ்த்திவிட்டுப் போகிறார்களாம்.

"நீ எப்பம்மா போவே?" என்றேன்.

"ரிலீவருக்கு ரிலீவர் கெடையாதாம் மிஸ். லீடரக் கேட்டேன். எச்.ஆருக்கு மெயில் போடுன்னாரு."

வகுப்பில் யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் தடவை மெயிலை நானே எழுதித் தருகிறேன் என்று போனைக் கேட்டேன். அவள் தரவில்லை.

"வேணாம் மிஸ். போன தடவயே இப்படி எழுதியிருக்கணும். ஆம்பள சாருக்கு எப்படி எழுதறதுன்னு வெக்கப்பட்டுக்கினுதான் ரிலீவு கிலீவுன்னு போட்டேன்."

அவளே தட்டினாள். ஒரே வரி. என்னிடம் காட்டினாள். "சார், ஐ ஆல்ஸோ ஹேவ் டு கோ டு தி டாய்லெட்."

"தப்பு ஏதாவது இருக்குதா மிஸ்?"

இரண்டு தடவை படித்தேன். இதை யாரும் எந்த மாடியில் உட்கார்ந்து படித்தாலும் ஒரே அர்த்தம்தான். ஒரு தப்பும் இல்லை என்றேன். அனுப்பினாள்.

பதில் வந்ததா என்று ஒவ்வொரு வகுப்பிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதை எழுதுகிற வரைக்கும் வரவில்லை. நேற்று சாயங்காலம் படி ஏறி வந்த வேகத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"வேணாம் மிஸ்" என்றாள். "நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்."